யூதப் பள்ளிக்கு நிதி கேட்டுப் போன எங்கள் அக்கா

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி அக்காவின் கணவர், நான் மாமா என்று அழைப்பவர், நியூ ஜெர்சியிலிருந்து, கலிபோர்னியாவில் நான் இருக்கும் ஃப்ரீமான்ட்டுக்குப் போன் செய்து கேட்டார். மறுநாளே எங்கள் சொந்தத்தில் பெரியவர் ஒருவர் ஊரிலிருந்து அழைத்தார்.

"அம்மிணி, நல்லபடியா எழுது. ஆனா அந்த யூதக்காரங்க பள்ளிக்கூடத்துக்குப் பணம் கேட்டு அலைஞ்சதையெல்லாம் எழுதாத. படிக்கறவங்க ஒரு மாதிரி நெனைப்பாங்க. குடும்பத்தை எப்படிப் பாத்துக்கிட்டா, எத்தனை பொறுமைசாலி, அதை எழுது, போதும்."

"சரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். பெரியவர்களிடம் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று வளர்க்கப்பட்டவள் நான். அக்காவும் அதே வீட்டில்தான் வளர்ந்தார். ஆனால் மனதுக்குச் சரியென்று படாத எதற்கும் அவர் சரிங்க என்று சொன்னதில்லை. ஆகவே அந்தப் பெரியவர் என்னை மன்னிக்க வேண்டும். நான் எழுதப்போவது பெரும்பாலும் அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான். அக்கா பொறுமைசாலி என்றும் எழுத என்னால் முடியாது. குக்கரில் ஆவி அடங்குமுன் மூடியைத் திறக்கப் பார்ப்பவர் அவர்.

அக்கா ஈரோட்டை அடுத்த பவானியில் பிறந்தார். அப்பா ஒரு நூல் மில்லின் சாயப் பிரிவில் வேலை பார்த்தார். அக்கா பள்ளிப் படிப்பை முடித்த கோடையில் அப்பா காலமானார். அதே மில்லில் அக்காவுக்கு ஏதாவது வேலை வாங்கித் தருவதாகச் சித்தப்பா சொன்னார். அம்மாவும் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டார். அக்கா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. மில் முதலாளி குடும்பத்தின் அறக்கட்டளை ஒன்று பிள்ளைகளுக்குக் கல்லூரிச் சம்பளம் கட்டுகிறது என்று கேள்விப்பட்டு, தனியாகப் பஸ் ஏறிப் போனார்.

அங்கிருந்த கணக்கர், "எங்க சமூகத்துப் பிள்ளைகளுக்கு மட்டுந்தான் கட்டறது. ட்ரஸ்ட்டுல அப்படித்தான் எழுதி வெச்சிருக்குது" என்று திருப்பி அனுப்பினார். அடுத்த வாரம் அக்கா மறுபடியும் போய் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். அதற்கடுத்த வாரமும் போனார். ஒருநாள் முதலாளி வீட்டு அம்மா வெளியே வந்து, "யாரு இந்தப் பொண்ணு? எதுக்கு வந்து வந்து உக்காருது?" என்று கேட்டிருக்கிறார்.

அக்கா எழுந்து நின்று சொன்னாராம்: "எங்கப்பா உங்க மில்லுலதானுங்க சாயம் தோச்சாரு. சாகற வரைக்கும் அவரு கையில நீலம் போகலீங்க. அவரை வேலைக்கு எடுக்கறப்ப யாரும் என்ன சமூகம்னு கேக்கலை. என்னைப் படிக்க வெக்கறப்ப மட்டும் எதுக்குங்க கேக்கறீங்க?"

அந்த அம்மா உள்ளே போய்விட்டார். அந்தப் பருவத்திலிருந்து அக்காவுக்குச் சம்பளம் கட்டினார்கள். பிறகு எனக்கும் கட்டினார்கள். விதியை மாற்றினார்களா, அக்காவின் தொல்லை தாங்காமல் கட்டினார்களா, எனக்குத் தெரியாது. நான் படித்த படிப்பும் இன்று பார்க்கும் வேலையும் அந்தப் பெஞ்சிலிருந்து வந்தவை.

அக்கா ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்து, கோவையில் ஒரு கல்லூரியில் சில ஆண்டுகள் பாடம் நடத்தினார். திருமணம் ஆனது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மாமாவுக்குக் கம்ப்யூட்டர் வேலை கிடைத்து நியூ ஜெர்சியின் எடிசனுக்கு வந்தார்கள். மாமாவின் விசாவில் வந்த அக்காவுக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. எடிசன் அபார்ட்மெண்டில், பனி பெய்வதைப் பார்த்துக்கொண்டு, மகள் திவ்யாவை வளர்த்துக்கொண்டு, கிரீன் கார்டுக்குக் காத்திருந்தார். அந்தக் காலத்தில் போனில் அவர் குரலே வேறு மாதிரி இருக்கும். "என்னக்கா பண்றே?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல கண்ணு, உக்காந்திருக்கேன்" என்பார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பதிலை அதற்கு முன்பு நான் கேட்டதில்லை.

கிரீன் கார்டு வந்ததும் கண்ணில் பட்ட வேலைக்கெல்லாம் விண்ணப்பித்தார். கோவைக் கல்லூரி அனுபவத்தை அங்கே யாரும் பொருட்படுத்தவில்லை. ஒருநாள் உள்ளூர் இலவசப் பத்திரிகையில் ஒரு சிறிய யூதப் பள்ளிக்கு ஆபீஸ் உதவியாளர் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்தார்.

"அவங்க ஆளுங்களைத்தான் எடுப்பாங்க. வேஸ்ட்டா டிரைவ் பண்ணிட்டுப் போகாத" என்றார் மாமா.

"எடுக்கலைன்னா திரும்பி வந்துடறேன். பெட்ரோல்தானே போகும்" என்று அக்கா கிளம்பிவிட்டார்.

பள்ளியின் தலைமையாசிரியை பெயர் ஹானா. அறுபதை நெருங்கியவர், வெடுக்கென்று பேசுபவர். யூதர்களைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டிருக்கிறார். எதுவும் தெரியாது, தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வேன் என்று அக்கா சொல்லியிருக்கிறார். வேலை கிடைத்தது.

அந்தப் பள்ளியில் காலையில் ஹீப்ரு மொழியும் வேதமும், மதியத்துக்கு மேல் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததும் அவர்களுடைய ஓய்வுநாள் தொடங்கிவிடும் என்பதால் அன்று பள்ளி சீக்கிரமே முடிந்துவிடும். உணவில் கடுமையான விதிகள் உண்டு. வெளியே சமைத்ததைப் பள்ளிக்குள் கொண்டுவரக் கூடாது. இது தெரியாமல் முதல் நாள் அக்கா தயிர் சாதத்தோடு சாப்பாட்டு அறைக்குள் போய்விட்டார். ஓர் ஆசிரியர் மரியாதையாகத் தடுத்தார். அன்றிலிருந்து அக்கா பார்க்கிங்கில் தன் காருக்குள் உட்கார்ந்து சாப்பிட்டார். பனிக்காலத்தில் ஒருநாள் கண்ணாடியைத் தட்டும் சத்தம் கேட்டது. ஹானா கையில் சாண்ட்விச்சோடு நின்றிருந்தார். பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஹீட்டரைக் கூட்டி வைக்கச் சொன்னார். அதன் பிறகு அவர்கள் மதியச் சாப்பாடு பெரும்பாலும் அந்தக் காருக்குள்தான். அவர் உணவை இவர் தொடமாட்டார், இவர் உணவை அவர் தொடமாட்டார். பேச்சுக்கு அந்த விதி கிடையாது.

அந்தப் பேச்சில்தான் அக்கா அந்தப் பள்ளியின் கதையைத் தெரிந்துகொண்டார். சோவியத் நாடு உடைந்த பிறகு அங்கிருந்து வந்த யூதக் குடும்பங்கள் பல அந்தப் பக்கத்து ஊர்களில் குடியேறியிருந்தன. அந்தப் பெற்றோர் தங்கள் ஊரில் ஹீப்ரு படிக்க முடியாமல் வளர்ந்தவர்கள். ரகசியமாகப் படித்ததற்காக வேலை இழந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். என்ஜினியர்கள் டாக்ஸி ஓட்டினார்கள், டாக்டர்கள் முதியோர் இல்லத்தில் உதவியாளராக இருந்தார்கள். அவர்களால் பள்ளிச் சம்பளம் கட்ட முடியாது. ஹானா அவர்களிடம் முடிந்ததைக் கட்டுங்கள் என்பார். சில குடும்பங்களிடம் அதையும் கேட்கமாட்டார். அந்தப் பள்ளத்தை நன்கொடையால் நிரப்ப வேண்டியிருந்தது.

அந்தப் பகுதி யூத சமூக அமைப்பு ஆண்டுதோறும் கொடுத்துவந்த தொகையைக் குறைத்தது. அறக்கட்டளைகளுக்கு விண்ணப்பம் எழுதிவந்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அடுத்த விண்ணப்பத்தை டைப் செய்யச் சொல்லி ஹானா பழைய பிரதி ஒன்றைக் கொடுத்தார். அக்கா அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "இதை நான் டைப் பண்ண மாட்டேன். இதைப் படித்தால் எனக்கே பணம் கொடுக்கத் தோன்றவில்லை" என்று சொல்லியிருக்கிறார். அப்படியானால் நீயே எழுது என்றார் ஹானா. அப்படித்தான் அது தொடங்கியது.

எந்த அறக்கட்டளை எதற்குக் கொடுக்கிறது என்று தெரிந்துகொள்ள, எடிசனை அடுத்த ஐசலினில் ரயில் ஏறி மன்ஹாட்டனுக்குப் போவார். அங்கே ஒரு நூலகத்தில் அறக்கட்டளைகளின் விவரங்களை யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து படிக்கலாம். யார் பெயரில் தொடங்கியது, யாருக்கு உதவியிருக்கிறார்கள், யூதக் கல்வி என்று சொல்லிவிட்டு உண்மையில் கட்டிடத்துக்கு மட்டும்தான் கொடுக்கிறார்களா என்றெல்லாம் பார்ப்பார். விண்ணப்பம் போகும். பெரும்பாலும் மறுப்பு வரும். மறுத்தவர்களுக்கு அக்கா போன் செய்வார். ஏன் மறுத்தீர்கள், எதை எப்படிச் சொல்லியிருந்தால் பரிசீலித்திருப்பீர்கள் என்று கேட்பார். சிலர் கடுப்பாவார்கள். சிலர் உண்மையைச் சொல்வார்கள்.

"உனக்கு மானமே இல்லையாக்கா?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"எனக்குன்னு கேட்டாத்தான் மானம் போகும் கண்ணு. இது அந்தப் பிள்ளைங்களுக்கு. இதுல எனக்கென்ன வெக்கம்?" என்றார்.

நம்மவர்களிடையே பேச்சு வேறு மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை அக்கா சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுகிறார், அவர்கள் பண்டிகையைக் கொண்டாடுகிறார், மதம் மாறிவிட்டார் என்று ஒரு புரளி. அது பவானி வரை போய், அம்மா பயந்துபோய் எனக்குப் போன் செய்தார். நான் அக்காவிடம் கேட்டேன். அக்கா சிரிக்கவில்லை. "அவங்க யாரையும் மாத்தறதில்லை. மாறணும்னு போனாக்கூட வேண்டாம்னுதான் முதல்ல சொல்லுவாங்க. புரளி பேசறவங்களை அதையாவது தெரிஞ்சுக்கிட்டுப் பேசச் சொல்லு" என்றார். அவர் வீட்டு முருகன் படத்துக்குக் கடைசி வரை பூ வைத்தவரும் அவர்தான். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம், இன்றும் சிலர் அப்படிப் பேசுகிறார்கள் என்பதுதான். மாறியிருந்தாலும் அவர் எங்கள் அக்காதான் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பெரிய அறக்கட்டளை ஒன்று அக்காவின் விண்ணப்பத்தைப் படித்துவிட்டுப் பள்ளியைப் பார்வையிட வந்தது இந்தச் சமயத்தில்தான். யூதக் கல்விக்காகப் பல ஊர்களில் தாராளமாகக் கொடுத்துவந்த அறக்கட்டளை அது. அவர்கள் நிதி கிடைத்தால் சில ஆண்டுகளுக்குப் பள்ளிக்குக் கவலையே இருக்காது. வந்த அதிகாரி வகுப்புகளைப் பார்த்தார், பிள்ளைகள் படிப்பதைக் கேட்டார். பிறகு அறையில் உட்கார்ந்ததும் அக்காவைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார். அக்கா எனக்குச் சொன்னபடி தமிழில் தருகிறேன்.

"தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் யூதர் இல்லை. உங்கள் மகளும் இங்கே படிக்கவில்லை. யூதக் கல்வியைப் பற்றி நீங்கள் எப்படி எங்களிடம் பேச முடியும்?"

ஹானா வாயைத் திறக்கப் போனார். அக்கா முந்திக்கொண்டார்.

"என் மகளிடம் நான் தமிழில் பேசுகிறேன். அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அதுதான் நடக்கிறது. ஒரு மொழி ஒரு தலைமுறையில் எப்படிக் கைவிட்டுப் போகும் என்பதை நான் தினமும் சாப்பாட்டு மேசையில் பார்க்கிறேன். இங்கே கைவிட்டுப் போன ஒன்றைப் பிள்ளைகள் திரும்பப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பற்றிப் பேச எனக்கு வேறு என்ன தகுதி வேண்டும் என்று சொல்லுங்கள். வளர்த்துக்கொள்கிறேன்."

அதிகாரி தலையை அசைத்தார். சில வாரங்களில் சம்மதமும் வந்தது. ஆனால் ஒரு நிபந்தனையோடு வந்தது. சம்பளம் கட்ட முடியாத குடும்பங்களின் பிள்ளைகளை ஆண்டுக்கு ஆண்டு குறைத்துக்கொண்டு வர வேண்டும், பள்ளி தன் காலில் நிற்க அதுதான் வழி என்றார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னதாக அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. கணக்குப்படி அவர்கள் சொன்னது சரிதான், ஆனால் நாம் கேட்டது அதற்கல்ல என்றார்.

பள்ளியின் நிர்வாகக் குழு கூடியது. பெரும்பாலானோர் ஏற்றுக்கொள்ளலாம் என்ற மனநிலையில் இருந்தார்கள். கூரை ஒழுகிக்கொண்டிருந்தது, ஆசிரியர்களுக்குச் சம்பளம் தாமதமாகிக்கொண்டிருந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அக்கா பள்ளியின் ஊழியர். கேட்டால்தான் பேச வேண்டும். யாரும் கேட்காமலே எழுந்தார்.

"நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம். அது உங்கள் பள்ளி. ஆனால் பிள்ளைகளைக் குறைத்துவிட்டோம் என்று வருடா வருடம் எழுதி அனுப்ப வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதை என் கை எழுதாது."

ஒருவர் கோபமாகச் சொன்னார்: "உனக்கென்ன, சுலபமாகச் சொல்லிவிடுவாய். பள்ளியை மூடினால் தெருவுக்கு வரப்போவது எங்கள் பிள்ளைகள். உன் பிள்ளை இல்லை."

"ஆமாம், என் பிள்ளை இல்லை" என்றார் அக்கா. "என் மகளுக்கு அரசாங்கப் பள்ளி இருக்கிறது. இந்தக் குடும்பங்கள் எதற்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தன என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். சம்பளம் இல்லை என்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பமாட்டோம் என்று விண்ணப்பத்தில் முதல் பக்கத்திலேயே எழுதினோம். நான் எழுதினேன், நீங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டீர்கள். நான் சொந்தமாக எதுவும் சொல்லவில்லை."

நீண்ட நேரம் வாதம் நடந்தது. கடைசியில் ஹானா, நிபந்தனையை ஏற்பதானால் தானும் விலகிக்கொள்வதாகச் சொன்னார். சிறிய வித்தியாசத்தில், வேண்டாம் என்று முடிவானது. நிதியை ஏற்கலாம் என்று வாக்களித்தவர்களில் இருவர் அன்றோடு குழுவிலிருந்து விலகினார்கள். வரவிருந்த நிதியைக் கெடுத்துவிட்டாள் என்று ஒருவர் அக்காவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வந்த குளிர்காலத்தை மாமாவால் மறக்க முடியாது. ஆசிரியர்களுக்குக் கொடுத்துவிட்டு மீந்தால்தான் எனக்கு என்று அக்கா சொல்லிவிட்டார். எதுவும் மீந்ததில்லை. மாமாவின் கான்ட்ராக்ட்டும் அப்போது முடியும் நிலையில் இருந்தது.

"நாம என்ன தர்ம சத்திரமா நடத்தறோம்? அவங்க ஸ்கூலு, அவங்க பிள்ளைங்க, சம்பளம் கொடுக்காம இருக்கறதுக்கு நீ மட்டும் கிடைச்சியா?" என்று மாமா சத்தம் போட்டார். இதை இப்படியே எழுத அவரே எனக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்.

"நான்தான் அந்தப் பணத்தை வேண்டாம்னு சொல்ல வெச்சேன். பட்டினியில எனக்கும் பங்கு இருக்கோணுமில்ல?" என்றாராம் அக்கா. அந்தக் குளிர்காலம் முழுவதும் காலையில் திவ்யாவை டேகேரில் விடாமல், அவள் பள்ளிக்குப் போகும் வரை மாமாவே பார்த்துக்கொண்டு, பிறகு வேலைக்குப் போனார். அக்காவின் வேலையில் அவர் செய்த பங்கு அது.

பெரிய அறக்கட்டளைகளை விட்டுவிட்டு அக்கா சிறியவற்றைத் தேடினார். ஒரே குடும்பம் நடத்துபவை, ஆபீஸ் கூட இல்லாதவை. அப்படிக் கண்டுபிடித்தவர்தான் வட நியூ ஜெர்சியில் இருந்த ஒரு முதியவர். ஜிப் செய்யும் தொழிலில் சம்பாதித்தவர். சிறுவனாக அகதியாக வந்து சேர்ந்தவர். மருத்துவமனைகளுக்கு மட்டும் கொடுத்துவந்தார். அக்கா போன் செய்தபோது, "பள்ளிக்கூடங்களுக்கு நான் கொடுப்பதில்லை. என்னை மூன்று பள்ளியிலிருந்து துரத்தினார்கள்" என்று வைத்துவிட்டார். அக்கா மறுபடியும் அழைத்தார்.

"எதற்காகத் துரத்தினார்கள்?"

"ஏன் கேட்கிறாய்?"

"எங்கள் பள்ளியாக இருந்திருந்தால் துரத்தியிருப்போமா என்று பார்க்கத்தான்."

முதியவர் சிரித்துவிட்டார். ஒரு பள்ளியில் சம்பளம் கட்டவில்லை என்று துரத்தினார்கள் என்றார். ஒருநாள் வந்து பாருங்கள் என்றார் அக்கா. வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வகுப்பு முழுவதும் கேட்டார். போகும்போது, தான் கொடுக்கத் தயார், ஆனால் அதே அளவு பள்ளியும் வேறு இடத்தில் திரட்டிக் காட்ட வேண்டும் என்றார். பிச்சையாகப் போகக் கூடாது என்பது அவர் எண்ணம்.

சம்பளமே கட்ட முடியாத பெற்றோரை வைத்துக்கொண்டு எப்படித் திரட்டுவது? டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்த தந்தை ஒருவர் தன் ஊரில் ஆர்க்கெஸ்ட்ராவில் வயலின் வாசித்தவர். இன்னும் சிலர் பியானோ, செல்லோ. பள்ளி ஹாலில் ஒரு கச்சேரி வைப்பது என்று முடிவானது. டிக்கெட் விற்கும் பொறுப்பை எடுத்துக்கொண்ட அக்கா நேரே இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டுக்குப் போனார். மளிகைக் கடை வாசலிலும் நகைக் கடை வாசலிலும் நின்று, ரஷ்யாவிலிருந்து வந்தவர்களின் வயலின் கச்சேரிக்கு நம்மவர்களிடம் டிக்கெட் விற்றார். நான் அப்போது லீவில் வந்திருந்ததால் கூட நின்றேன்.

சென்னையைச் சேர்ந்த ஆன்ட்டி ஒருவர் காய்கறிப் பையோடு நின்று கேட்டார். "ஏம்மா, நம்ம கோயிலுக்கு ஃபண்ட் ரெய்ஸ் பண்ணும்போது நீ ஒருநாளாவது இப்படி வந்து நின்னியா? யாருக்கோ போய் நிக்கறே."

"கோயிலுக்கு நிக்க நீங்க எல்லாரும் இருக்கீங்க ஆன்ட்டி. எங்க வீட்டுச் செக்கும் வந்துச்சு. இதுக்கு இந்த ரோட்டுல நான் ஒருத்திதான் நிக்கறேன். எத்தனை டிக்கெட் வேணும்?"

"அவங்க நமக்கு என்ன பண்ணாங்க?"

"எனக்கு வேலை கொடுத்தாங்க. வேற யாரும் கொடுக்கலை."

ஆன்ட்டி பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு டிக்கெட் வாங்கினார். கச்சேரிக்கும் வந்தார். அந்த டாக்ஸிக்காரர் வாசித்து முடித்ததும் முதலில் எழுந்து கைதட்டியதும் அவர்தான். அவர் பெயரை அவர் அனுமதியோடு இந்த மலரின் கடைசிப் பக்கத்தில் சேர்த்திருக்கிறோம்.

கச்சேரியால் மட்டும் தொகை சேர்ந்துவிடவில்லை. பெற்றோர் கூடுதல் ஷிப்ட் ஓட்டிக் கொடுத்தார்கள், ஆசிரியர்கள் கொடுத்தார்கள், குழுவிலிருந்து விலகிப்போன இருவரில் ஒருவரும் செக் அனுப்பினார். முதியவர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். அவர் சொல்லி இன்னும் இரண்டு குடும்ப அறக்கட்டளைகள் வந்தன. அதற்காகப் பள்ளி செழித்துவிட்டது என்று எழுதமாட்டேன். கூரை இன்னும் ஒழுகுகிறது என்று போன வாரம் ஹானா சொன்னார். ஆனால் பள்ளி நடக்கிறது. சம்பளம் இல்லை என்று ஒரு பிள்ளையும் திருப்பி அனுப்பப்படவில்லை. முதலில் வந்த பிள்ளைகளில் சிலர் இப்போது கல்லூரியில் படிக்கிறார்கள்.

அந்தக் கச்சேரிக்கு வந்த தமிழ்த் தாய்மார்கள் சிலர் வகுப்பறைச் சுவரில் ஹீப்ரு எழுத்துக்களைப் பார்த்துவிட்டு, நம் பிள்ளைகளுக்கு இப்படி ஒன்று இல்லையே என்று பேசிக்கொண்டார்கள். பேச்சோடு நிற்க அக்கா விடவில்லை. ஹானாவிடம் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வகுப்பறை கேட்டார். ஹானா வாடகை வாங்கவில்லை. சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்று மட்டும் சொன்னார். புளியோதரை டப்பாவோடு வந்தவர்களை அக்கா வாசலிலேயே திருப்பி, காரில் வைத்துவிட்டு வரச் சொல்வார். எடிசன் பக்கத்துப் பிள்ளைகள் அ, ஆ படித்தது அந்த யூதப் பள்ளியின் பெஞ்சுகளில்தான். அக்கா மதம் மாறிவிட்டார் என்று பேசியவர்களின் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். திவ்யா தமிழ் எழுதப் படிக்கக் கற்றதும் அங்கேதான்.

நோய் இருப்பது தெரிந்தபோது அது முற்றியிருந்தது. ஓய்வெடுங்கள் என்று டாக்டர் சொன்னார். "ஓய்வெடுத்தா சரியாயிடுமா?" என்று அக்கா கேட்டார். டாக்டர் நேர்மையானவர், இல்லை என்றார். "அப்ப எதுக்கு?" என்று அக்கா மாமாவிடம் தமிழில் சொல்லிவிட்டு, மறுவாரமே பள்ளிக்குப் போனார். சிகிச்சையில் முடி கொட்டியதும் தலையில் துணி கட்டிக்கொண்டு போனார். அங்கே திருமணமான பெண்கள் பலர் தலையை மூடியிருப்பார்கள் என்பதால், ஓக் ட்ரீ ரோட்டில் புரளி மறுபடி கிளம்பியது. இந்த முறை அக்கா அதற்குச் சிரித்தார்.

கடைசி மாதங்களில் நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு எடிசனில் இருந்தேன். கை நடுங்கியதால் அவர் சொல்லச் சொல்ல நான் விண்ணப்பங்களை எழுதினேன். பரிதாபமாக ஒரு வாக்கியம் எழுதினால் அடிக்கச் சொல்வார். "கெஞ்சற மாதிரி இருக்குது. நாம நல்ல காரியத்துல பங்கு கொடுக்கறோம், அவங்க வாங்கிக்கறாங்க. அப்படி எழுது" என்பார். வலி அதிகமான நாட்களில் திவ்யா பக்கத்தில் படுத்துக்கொள்வாள். ஒரு பிற்பகல், மாமாவும் நானும் திவ்யாவும் கூட இருக்கும்போது, அவர் மூச்சு அடங்கியது.

தகனத்துக்கு ஹானாவும், ஆசிரியர்களும், அந்தப் பெற்றோர்களும் வந்தார்கள். உடலை எரிப்பது அவர்கள் வழக்கம் இல்லை. அவர்களுக்கு அது மனதுக்குக் கஷ்டமான காரியம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வந்தார்கள். வயலின் வாசிக்கும் அந்த டாக்ஸிக்காரர் அன்று வேலைக்குப் போகாமல் வயதானவர்களைத் தன் காரில் ஏற்றி வந்தார். நம் உறவினர் ஒருவர் என் காதருகே வந்து, "இவங்கெல்லாம் எதுக்கு உள்ள? வெளிய நிக்கச் சொல்லலாமே" என்றார்.

"அவங்கதான் முன்னாடி நிக்கோணும்" என்றேன். மாமா ஹானாவின் கையைப் பிடித்து முன்வரிசைக்கு அழைத்துப் போனார். அக்காவுக்கு வாய்க்கரிசி போட்டபோது, தானும் போடலாமா என்று ஹானா என்னிடம் கேட்டார். போடுங்கள் என்றேன். போட்டார்.

அக்காவின் நோய்க்காலத்திலும் இந்த ஓராண்டிலும் எங்களைத் தாங்கியவர்கள் பலர். மருத்துவமனைக்கு முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்த எடிசன் நண்பர்களுக்கும், திவ்யாவைத் தங்கள் பிள்ளையாகப் பார்த்துக்கொண்ட ஆன்ட்டிகளுக்கும், அக்காவின் வேலையை நிறுத்தாமல் தொடர்ந்து செய்யும் பள்ளிக்கும், நேர்மையாகப் பேசிய டாக்டருக்கும், ஊரில் அம்மாவின் அருகிலேயே இருந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. போனில் அழைத்து எழுதாதே என்று சொன்ன பெரியவருக்கும் என் வணக்கம். அவர் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் இவ்வளவையும் நான் எழுதியிருக்கமாட்டேன்.

நினைவுநாளில் அக்காவின் பெயரால் கொடுக்க நினைப்பவர்கள், சம்பளம் கட்ட முடியாத பிள்ளைகளுக்காக அந்தப் பள்ளிக்குக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கும் கொடுங்கள். ஏன் அவர்கள் பள்ளிக்கு என்று யாராவது கேட்டால், என்னிடம் அனுப்புங்கள். என் ஃப்ரீமான்ட் நம்பர் உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. பதில் சொல்ல எனக்கு நேரம் இருக்கிறது.